இன்னிக்கு ஊதாதான் பச்சை

அந்தப் பாட்டிலைத் தலையில் வைக்கச் சொல்லி ஃபட்சானியை யாரும் வற்புறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், பிற்பாடு மேட்ரனிடம் அவன் சொன்ன கதையில் குறைந்தது நாலு பேர் வற்புறுத்தியிருந்தார்கள். அதில் ஒருவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். மாவட்ட ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் அறைக்குப் பின்னால் இருக்கிற வராந்தாவில் தாய்மார்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மொத்தம் பதினாலு பேர். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் ஒரு குழந்தை, தோலோடு தோலாக ஒட்டிக்கிடக்க, மேலே, பெண்கள் இடுப்பில் உடுத்துகிற சிதென்ஜே துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கங்காரு முறை என்று பெயர். ஏரிக்கரை மாவட்டத்தில் ஒருவரும் கங்காருவைப் பார்த்ததில்லை. ஃபட்சானி மட்டும் பார்த்ததாகச் சொல்லுவான்.

யாரோ ஒரு தாய்க்குத் துணைக்கு வந்த பெண், தலையில் தண்ணீர் வாளியோடு, இரண்டு கையாலும் மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே முற்றத்தைக் கடந்து போனாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இது மட்டும் ஆம்பளைங்களால முடியாது, சிஸ்டர்," என்றாள் ஒருத்தி.

சிஸ்டர் என்றது ஃபட்சானியைத்தான். நாற்பத்துமூன்று வயது, மீசை, இரண்டு மகள்களுக்குத் தகப்பன். ஆனாலும் அந்த அறையில் வெள்ளை உடுப்போடு யார் நின்றாலும் தாய்மார்களுக்கு அது சிஸ்டர்தான். முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தான். அப்புறம் கூப்பிட்டால் திரும்பப் பழகிக்கொண்டான்.

"அதுல என்ன இருக்கு? எனக்கும் கழுத்து இருக்குல்ல?" என்றான். அப்போதுதான் மருந்தறையிலிருந்து வாங்கி வந்த ஊதா மருந்துப் பாட்டில் அவன் கையில் இருந்தது. குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற மருந்து, முழு ஒரு லிட்டர். அதைத் தலையில் வைத்தான். கையை எடுத்தான். நாலு அடி நடந்தான். தாய்மார்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். ஐந்தாவது அடியில் மேட்ரன், "ஃபட்சானி!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

பத்தொன்பது வருஷப் பழக்கம். கழுத்து திரும்பிவிட்டது. பாட்டில் திரும்பவில்லை.

அது விழுந்த இடத்தில், அலசுவதற்காக நாற்பத்துமூன்று குல்லாய்கள் ஊறிக்கொண்டிருந்த பெரிய அலுமினியத் தொட்டி இருந்தது. மூடி என்றைக்குமே சரியாக மூடாத பாட்டில் அது. இரண்டு கையையும் உள்ளே விட்டு அவன் அதை எடுப்பதற்குள் பாதி காலியாகியிருந்தது.

மேட்ரன் கலுவா வெளியே வந்து தொட்டியைப் பார்த்தார். அப்புறம் முழங்கை வரை ஊதாவாக நின்றவனைப் பார்த்தார்.

"உன் தலையில எதுவும் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். நீ அதை ஊருக்கே நிரூபிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

குல்லாய் என்றால் வெறும் குல்லாய் இல்லை. அதுதான் சிக்கல். ஆயிரத்து ஐந்நூறு கிராமுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்குச் சிவப்பு. அதைத் தாண்டினால் மஞ்சள். ஆயிரத்து எண்ணூறைத் தொட்டால் பச்சை, பச்சை வந்தால் வீடு. துணைக்கு வந்த பெண்கள் ஆஸ்பத்திரி முற்றத்தில் உட்கார்ந்து மூன்று நிறத்திலும் பின்னிக் கொடுப்பார்கள். எடைத்தாளைப் படிக்கத் தெரியாத தாய்க்கும் தன் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பச்சைக் குல்லாய் போடுகிற நாளில் அறையே எழுந்து ஆடும். வாசல் காவலர் யோபேக்கும் இதுதான் சட்டம். முன்னாள் ராணுவக்காரர். மூக்குக்கண்ணாடி தொலைந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு அனுப்புகிற தாளைத் தலைகீழாகப் பிடித்து மரியாதைக்கு ஒருமுறை பார்ப்பார், குல்லாயைப் பார்த்துத்தான் கதவைத் திறப்பார்.

இந்த முறையைக் கண்டுபிடித்தது யார்? ஃபட்சானிதான். தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள் அதைப் படமெடுத்துப் போனார்கள். அந்தப் படத்தில் அவன் இருக்கிறானா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியவில்லை. கேட்டு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறான்.

அவன் இந்த அறைக்கு வந்ததே தண்டனையாகத்தான். நர்சிங் கல்லூரியை முடித்தபோது அவனுக்கு எலும்பு முறிவுப் பிரிவின் மேல்தான் கண். அங்கே நோயாளிகள் காலில் கட்டோடு படுத்திருப்பார்கள், என்ன ஜோக் சொன்னாலும் எழுந்து ஓட முடியாது. வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரமே கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தான். "பத்து நாள் குட்டிப் பிள்ளைங்க அறையில இரு, புத்தி வரும்," என்று அப்போதிருந்த மேட்ரன் அனுப்பிவைத்தார்.

மூன்றாம் நாள், தொள்ளாயிரம் கிராம்கூட இல்லாத ஒரு பெண்குழந்தை அவன் கண்ணெதிரே மூச்சுவிட மறந்துபோனது. குறைமாதக் குழந்தைகள் அப்படித்தான் மறக்கும். என்ன செய்வதென்று புத்தகத்தில் படித்த எதுவும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. விரலால் அதன் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினான். தூக்கத்தில் எழுப்பப்பட்ட குமாஸ்தா மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு அது ஒரு மூச்சை இழுத்தது. அப்புறம் இன்னொன்று. ஃபட்சானி பக்கத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்க அரை மணி ஆனது. பத்து நாள் முடிந்தபோது அவனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை, அவனும் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு ப்ளான்டயர் நகரத்தில் ஆறு மாதப் பயிற்சி. குமிழி விடுகிற மூச்சு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டக் கற்றான். முடி மாதிரி மெல்லிய நரம்பில் ஊசி ஏற்றக் கற்றான். பால் குடிக்கத் தெரியாத வாய்க்குச் சின்னக் கப்பில் எப்படிச் சாய்த்துக் கொடுப்பது என்று கற்றான். இப்போது மூன்று மாவட்டத்து நர்ஸ்கள் அவனிடம் படிக்க வருகிறார்கள். குழந்தையை உள்ளங்கையில் வாங்கினால் எடையைச் சொல்லிவிடுவான், பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு குழந்தைக்குக்கூட ஃபட்சானி என்று யாரும் பெயர் வைத்ததில்லை. பொருள் என்னவோ நல்ல பொருள்தான்: அடக்கமாக இரு. அந்தப் பெயரை வைத்த அவன் அப்பா தீர்க்கதரிசி இல்லை என்பது வேறு விஷயம்.

பெயர் என்றதும் அதிஜா ஞாபகம் வந்துவிடுகிறது. ஜன்னலோரக் கட்டில், ஆண்குழந்தை, பிறந்தபோது ஆயிரத்து இருநூற்று நாற்பது. அவளுக்கு இதற்கு முன் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஒன்று நாலு நாள், ஒன்று ஒன்பது நாள். இது இருபத்தோராம் நாள். தொப்புள்கொடி விழுந்ததும் பெயர் வைப்பார்கள்; அது விழுந்து எத்தனையோ நாள் ஆகியும் அவள் வைக்கவில்லை. குழந்தையை 'விருந்தாளி' என்றுதான் சொல்லுவாள். அந்தப் பக்கத்தில் புதுக்குழந்தையை அப்படிச் சொல்லுவது வழக்கம்தான். ஆனால் அவள் சொல்லும்போது, வந்தவர் எப்போது கிளம்புவாரோ என்று செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு நாள் காலையும் ஃபட்சானி பென்சிலோடு குழந்தையின் அட்டையை எடுத்துக்கொண்டு போவான்.

"அதிஜாம்மா, பேரு எழுதணுமே?"

"விருந்தாளிக்கு எதுக்குப் பேரு, சிஸ்டர்?"

"சரி, ராத்திரி எவ்வளவு பால் குடிச்சான்?"

"கப்பைக் கேளுங்க."

"எத்தனை மணிக்குத் தூங்கினான்?"

"நான் முழிச்சிருந்தப்போ."

"வீட்டுக்காரர் வரவே இல்லையே?"

"ஏரியில மீன் இருக்கு, அவரு அங்க இருக்காரு."

ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் வந்தால் அன்றைக்குத் தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக்கொள்வது என்று ஃபட்சானி தனக்குத்தானே பந்தயம் கட்டியிருந்தான். இருபத்தோரு நாளாகச் சர்க்கரை மிச்சம். அட்டையில், 'தகப்பன் வருவதில்லை' என்று அவன் எழுதியிருந்தான். அதைப் பேனாவால் எழுதியிருந்தான்.

மற்றதையெல்லாம் அவள் சரியாகச் செய்வாள், அதில் குறையே சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். நெஞ்சிலிருந்து குழந்தையை இறக்கவே மாட்டாள். அன்றைக்குக் காலை எடை ஆயிரத்து நானூற்று எழுபது. மஞ்சளுக்கு இன்னும் முப்பது கிராம்தான்.

ஏழு தண்ணீரில் அலசியும் நாற்பத்துமூன்று குல்லாய்களும் ஊதாவாகவே இருந்தன. வெயிலில் காய்ந்ததும் வேறு வழியில்லாமல் அவற்றையே மாட்டினார்கள். வாய்க்குள்ளேயே தடவுகிற மருந்து, நெற்றியில் ஒட்டினால் ஒன்றும் ஆகாது. பதினாலு ஊதாத் தலைகள். நேற்றுத்தான் பச்சை வாங்கியிருந்த ஒரு தாய் மட்டும் அழுதாள். "என் மாமியாருக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்?"

பத்து மணிக்கு யோபே வாசலிலிருந்து வந்து எட்டிப்பார்த்தார். அன்றைக்கு மூன்று குழந்தைகள் வீட்டுக்குப் போக வேண்டும்.

"என்னய்யா இது, எல்லாம் ஒரே கலரா இருக்கு? நான் யாரை வெளிய விடுறது?"

காலையிலிருந்து அவமானப்பட்டுக்கொண்டிருந்த ஃபட்சானிக்கு ஒரு ஜோக் தேவைப்பட்டது. "யோபேண்ணே, இன்னிக்கு ஊதாதான் பச்சை!" என்றான். அவனே சிரித்தான். யோபே சிரிக்கவில்லை, சல்யூட் அடித்துவிட்டுப் போனார். அந்த மனிதர் வாழ்க்கையில் ஜோக் என்று ஒன்றைச் சந்தித்ததே இல்லை என்பது ஃபட்சானிக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டான்.

பன்னிரண்டு மணிக்குப் பால் கொடுக்கிற சுற்று வந்தபோது ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது.

போர்வை நாலாக மடித்திருந்தது. குளிக்கும் இடத்தில் இல்லை, வராந்தாவில் இல்லை. ஃபட்சானி குனிந்து கட்டிலுக்கடியில்கூடப் பார்த்தான். வாசலுக்கு ஓடினான்.

"ஊதாக் குல்லாதானே?" என்றார் யோபே. "போயிட்டாங்க. எல்லாரும் ஒழுங்கா வரிசையா போனாங்க. நாலு பேரு."

"மூணு பேருண்ணே! மூணு பேருதான் போகணும்!"

"நீ எண்ணிக்கை சொல்லலையே. கலருதானே சொன்ன?"

ஏரிப் பக்கம் வானம் கருத்திருந்தது. ஆயிரத்து நானூற்று எழுபது கிராம் உடம்பில் சூடு தங்குவதற்குக் கொழுப்பே கிடையாது. ஒரு மழை நனைந்தால் போதும். ஒரு வேளை பாலைத் தவறவிட்டு அயர்ந்து தூங்கிவிட்டாலும் போதும், மூச்சுவிட மறந்துவிடும். உள்ளங்காலைச் சுண்ட ஆள் இருக்க வேண்டும்.

மேட்ரன் அறைக்குப் போய் நின்றான். இந்தத் தடவை யாரும் வற்புறுத்தியதாகச் சொல்லவில்லை.

"யாரு வெளிய விட்டது?"

"நான்தான் மேடம். யோபே இல்ல. நான் ஒரு ஜோக் சொன்னேன்."

மேட்ரன் அவனுடைய ஊதாக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆம்புலன்ஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கு. நீயே போ. கூட்டிட்டு வா. வழியில யார்கிட்டயும் ஜோக் சொல்லாதே."

போகிறபோது அவள் கட்டிலோரத்து அலமாரியை மறுபடி பார்த்தான். பால் கப் இல்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நம்பிக்கையை விட்டவள் கப்பை எடுத்துக்கொண்டு போவாளா? அந்த ஒரு கப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஃபட்சானி படியிறங்கினான்.

வாசலுக்கு வெளியே சைக்கிள் டாக்சிக்காரர்களில் அசிமு மட்டும் நின்றிருந்தார். நரைத்த தாடி. பின்சீட்டில் மெத்தை. பின் மட்கார்டில் 'அவசரப்படாதே' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அவசரத்தில் இருப்பவர்கள் யாரும் அதனால் அவர் சைக்கிளில் ஏறுவதில்லை.

"அசிமண்ணே, மீன் இறங்குற கரை வரைக்கும் போகணும். ஸ்தம்புலி வீடு, தெரியுமா? பொண்டாட்டி பேரு அதிஜா."

"ஊதாக் குல்லா போட்ட புள்ளையா?" என்றார் அசிமு. "நான்தானே கொண்டுபோய் விட்டேன். இப்பத்தான் திரும்பி வர்றேன்."

"நீங்களா? புள்ளையை ஏன் கூட்டிட்டுப் போறீங்கன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"தம்பி, ஏறுறவங்ககிட்ட ஏன் போறேன்னு நான் கேட்டா எனக்குப் பிழைப்பு நடக்குமா? ஏறு. கைல என்ன, பெயிண்டா?"

ஒன்பது கிலோமீட்டர், பாதி மணல். ஃபட்சானி பின்சீட்டில் உட்கார்ந்து வானத்தையும் மட்கார்டையும் மாறி மாறிப் பார்த்தான். அசிமு மட்கார்டுக்கு விசுவாசமாக மிதித்தார்.

"கொஞ்சம் வேகமா போகலாமே அண்ணே?"

"அந்தப் பொண்ணு வர்றப்போ மெதுவாப் போகச் சொல்லிச்சு. குழி வந்தா இறங்கித் தள்ளினேன். அது கீழ இறங்கல, நான் இறங்கினேன். நடுவுல ஒரு மாமரத்தடியில நிறுத்தச் சொல்லிச்சு. கப்புல பாலைப் பீச்சிக் கொடுத்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

ஃபட்சானிக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஏற்கெனவே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

ஸ்தம்புலியின் வீட்டைச் சுற்றி நாணல் வேலி. முற்றத்தில் பந்தல் மேல் பொடிமீன் காய்ந்துகொண்டிருந்தது. மழைக்குப் பயந்து யாரோ பாதியை அள்ளியிருந்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்கி வேலியோரம் ஓடி வந்தவன், உள்ளேயிருந்து வந்த அதிஜாவின் குரலைக் கேட்டு நின்றுவிட்டான்.

"தலையை ஒரு பக்கமா திருப்புங்க. கழுத்து மடியக் கூடாது, மூச்சு அடைக்கும். காலு? தவளை எப்படி உட்காரும்? அந்த மாதிரி. ம், அந்த மாதிரி. துணியை இன்னும் இறுக்குங்க, காதுக்குக் கீழ வரைக்கும். பயப்படாதீங்க, இது ஒண்ணும் முட்டை இல்ல. முட்டைன்னா இந்நேரம் ஆம்லெட் போட்டிருப்பாங்க."

கடைசி ஜோக் ஃபட்சானியுடையது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு புதுத் தாயிடமும் அவன் சொல்லுகிறது. அதிஜா அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. இப்போது ஒரு ஆண் குரல், மூக்கடைத்த மாதிரி, சிரித்தது.

ஃபட்சானி இருமிவிட்டு உள்ளே போனான்.

சுவரில் சாய்ந்து, சட்டையில்லாமல், பெண்சாதியின் பூப்போட்ட சிதென்ஜேயை நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பெரிய மீனவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். துணிக்கு மேலே ஒரு ஊதாக் குல்லாய் மட்டும் தெரிந்தது. அவன் கைகள் இரண்டும் துணியைத் தொடாமல், தொடவும் பயந்து, காற்றில் நின்றன. ஆளைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

"எந்திரிக்காதீங்க! உட்காருங்க," என்றான் ஃபட்சானி. பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் குழந்தையின் அக்குளில் வைத்தான். முப்பத்தாறு புள்ளி எட்டு. மறுபடி வைத்தான். அதே எட்டு. குழந்தையைக் கொஞ்சம் தூக்கி உள்ளங்கையில் ஏந்தினான்.

"ஆயிரத்து நானூத்தி அறுபத்தஞ்சு. அஞ்சு கிராம் கொறஞ்சிருக்கு," என்றான். "ஏன்மா போயிட்டீங்க?"

அதிஜா மீனை அள்ளுகிற முறத்தைத் தட்டிக்கொண்டே, "குல்லா போகச் சொல்லிச்சு," என்றாள்.

"குல்லா சொல்லல. நான்தான் முட்டாள்தனமா சொன்னேன். நீங்க ஏன் போனீங்க?"

"காலு வந்துச்சு, நானும் வந்தேன்."

நேரான பதிலைச் சொன்னது ஸ்தம்புலிதான். தரையைப் பார்த்துச் சொன்னான். "ரெண்டு தடவை அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன், அய்யா. பார்க்கத்தான் வந்தேன். ரெண்டு தடவையும் உள்ள போறதுக்குள்ள ஒரு துணி மூட்டையைக் கையில கொடுத்தாங்க. வாங்கிட்டு வந்தேன். மூணாவது தடவை அந்த வாசல் பக்கம் வரமாட்டேன்னு இவகிட்டச் சொல்லிட்டேன். நான் வந்தா அதுவும்…" குல்லாயை ஒருமுறை குனிந்து பார்த்தான். "உசுரோட ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. அதான் கொண்டாந்திருக்கா."

ஃபட்சானியின் வாயில் எப்போதும் இரண்டு மூன்று ஜோக் தயாராக இருக்கும். அன்றைக்குத் தேடிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. அட்டையில் தான் பேனாவால் எழுதியதுதான் ஞாபகம் வந்தது.

"உங்க நெஞ்சு நல்ல சூடு," என்றான் ஸ்தம்புலியிடம். "எங்க அறையில இருக்கிற மிஷினைவிட நல்லா இருக்கு. கரன்ட் போனாலும் நிக்காது. இவன் வீட்டுக்கு வர இன்னும் முன்னூத்தி முப்பத்தஞ்சு கிராம் வேணும். மழை வர்றதுக்குள்ள கிளம்பணும். நீங்களும் வாங்க."

ஸ்தம்புலி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அதிஜா குழந்தையை வாங்கித் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டாள். அசிமு ஏற்கெனவே சைக்கிளைத் திருப்பி வைத்திருந்தார். அவள் ஏறினாள். சைக்கிள் நகர்ந்தது, ஃபட்சானி பக்கத்திலேயே ஓடினான். பத்தடி போனதும் ஃபட்சானி திரும்பிப் பார்த்தான். சட்டையின் பொத்தானைத் தப்புத் தப்பாக மாட்டிக்கொண்டு ஸ்தம்புலி பின்னால் வந்துகொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் அசிமு முழு வேகத்தில் மிதித்தார், மட்கார்டை அன்றைக்குப் பொய்யாக்கினார். மணல் வந்த இடத்திலெல்லாம் இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். மாமரத்தடியில் பால். மூன்று ஆண்களும் வரிசையாக அந்தப் பக்கம் திரும்பி நின்று ஏரியைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் முதல் தூறல் விழுந்தது. ஸ்தம்புலி கதவுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டான், கால் மண்ணில் புதைந்த மாதிரி. அதிஜா சைக்கிளிலிருந்து இறங்கினாள். அவனைப் பார்த்தாள். துணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"இங்கயா? காத்து அடிக்குதும்மா!" என்று கத்தினான் ஃபட்சானி. கத்திக்கொண்டே வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவர்களைச் சுற்றித் திரையாகப் பிடித்தான். மறுமுனையை அசிமு பிடித்தார். திரைக்குள்ளே ஏதோ நடந்தது. "தவளை மாதிரி," என்று அவள் குரல் கேட்டது. கோட்டை எடுத்தபோது குழந்தை தகப்பன் நெஞ்சில் இருந்தது.

யோபே அந்த ஊதாக் குல்லாயைக் கூர்ந்து பார்த்தார். "உள்ள வர்றதுக்கு எந்தக் கலரு?" என்று ஃபட்சானியைக் கேட்டார்.

ஃபட்சானி வாயைத் திறந்தான். மேட்ரன் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டான். "கதவைத் திறங்கண்ணே," என்று மட்டும் சொன்னான்.

ஸ்தம்புலி உள்ளே நடந்தான். அறைக்குள் போய் ஜன்னலோரக் கட்டிலில் உட்காருகிற வரைக்கும் மூச்சே விடவில்லை போலிருந்தது. தராசு ஆயிரத்து நானூற்று அறுபத்தைந்து காட்டியது. யாரும் கவனிக்கவில்லை. ஃபட்சானி மேட்ரனைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டி, தன் உள்ளங்கையையும் காட்டினான். "மொதல்ல கையைக் கழுவு," என்றார் அவர்.

அதற்கப்புறம் ஸ்தம்புலி தினமும் வந்தான். மீன் வாசத்தோடு வருவான், குளிக்க அனுப்புவார்கள், குளித்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம் நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்காருவான். அசைய மாட்டான். ஒருநாள் மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட அசையவில்லை. தாய்மார்கள் அவனுக்குத் 'தூண்' என்று பெயர் வைத்தார்கள். ஃபட்சானி அட்டையில் பேனாவால் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'தகப்பனின் நெஞ்சுச் சூடு: மிக நன்று' என்று எழுதினான். அப்படி எழுத அட்டையில் இடமே கிடையாது, ஓரத்தில் எழுதினான்.

முற்றத்தில் பெண்கள் புதுக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தார்கள். பழைய ஊதாக் குல்லாய்களை என்ன செய்வது என்று கேட்டதற்கு, ஒன்றை ஃபட்சானிக்கு மாட்டிவிடலாம் என்று மேட்ரன் யோசனை சொன்னார்.

திங்கட்கிழமை காலை தராசில் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து வந்தது. அறை எழுந்து ஆடியது. முதலில் தயாரான மஞ்சள் குல்லாயை அதிஜாவே மாட்டினாள். தலைக்குப் பெரிது, மூக்கு வரை இறங்கியது. அவள் அதை மேலே தள்ளிவிட்டு, அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தைந்து நாளில் அவள் அப்படிப் பார்த்து ஃபட்சானி கண்டதில்லை.

பென்சிலை எடுத்துக்கொண்டு போனான். பழக்கம்தான், எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை.

"அதிஜாம்மா, பேரு எழுதணுமே?"

"எழுதுங்க. அசிமு."

பென்சில் நின்றது. "யாரு, அந்தச் சைக்கிள்காரர் பேரா?"

"ஆமா."

"பத்தொன்பது வருஷமா நான் இங்க இருக்கேன். ஒன்பது கிலோமீட்டர் மிதிச்ச ஆளுக்கு…"

"பதினெட்டு. போக ஒன்பது, வர ஒன்பது," என்றாள் அதிஜா. "என்னைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்காத ஆளு அவரு ஒருத்தருதான்."

பக்கத்துக் கட்டில்காரி துணியில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஃபட்சானி எழுதினான். பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்து, அந்த எழுத்துகளின் மேலேயே இன்னொரு முறை எழுதினான். அப்புறமும் நகரவில்லை.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். என் பேரை ஒரு தடவையாவது நெனச்சீங்களா?"

அதிஜா நிமிர்ந்து நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"இல்ல, சிஸ்டர். இவன் மீன்காரன் மகன். அடக்கமா இருன்னு பேரு வெச்சா, நாளைக்குக் கரையில நின்னு எப்படிக் கூவி விப்பான்?"

அன்றைக்கு ஃபட்சானி தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக்கொண்டான்.